ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழில் அறிவியல் பேசக் கூடிவரும் நமது சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். சூரியன் தன் பதினோராண்டுச் சுழற்சியின் உச்சத்தில் இருந்த ஆண்டு இது என்பதால், அதிலிருந்து ரேடியோ அலை எப்படிப் பிறக்கிறது என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டோம்.

சூரியனில் பிழம்பு வெடிக்கும்போது, சில வேளைகளில் ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டும் எலக்ட்ரான் கற்றைகள் சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவின் ஊடே பாய்ந்து, வழியெங்கும் பிளாஸ்மாவில், அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து கிடக்கும் வாயுவில், லாங்மியூர் அலைகள் எனப்படும் எலக்ட்ரான் அதிர்வுகளை எழுப்புகின்றன. இவ்வலைகளால் பிளாஸ்மாவை விட்டு வெளியேற முடியாது. லாங்மியூர் அலை, அயனிகளின் அசைவாகப் பரவும் ஓர் அயனி ஒலியலையோடு வினைபுரிந்தால் ஏறத்தாழ அதே அதிர்வெண்ணிலும், எதிரெதிராக வரும் இரு லாங்மியூர் அலைகள் ஒன்றிணைந்தால் இருமடங்கு அதிர்வெண்ணிலும் ரேடியோ அலை பிறந்து நம்மை வந்தடைகிறது. இக்கொள்கைக்கு 1958இல் கின்ஸ்பர்க், ஷெலெஸ்னியகோவ் என்னும் சோவியத் இயற்பியலாளர்கள் அடித்தளமிட்டனர். நாதசுரம் வாசிக்கும் நம் உறுப்பினர் ஒருவர், ஊதலை அழுத்தினால் அதே துளையில் மேல் ஸ்தாயி பேசுவதை வாசித்தே காட்டினார். இரட்டிப்பு விகிதம் அனைவருக்கும் உடனே விளங்கியது. ஆயினும் சூரியனில் அது இரண்டு அலைகளின் சேர்க்கையால் வருவது என்பதை இங்கே பதிவுசெய்வது என் கடமை.

கன சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடி எலக்ட்ரான்கள் உள்ள இடத்தில் பிளாஸ்மா அதிர்வெண், அதாவது லாங்மியூர் அலை அதிரும் அதிர்வெண், சுமார் 90 மெகாஹெர்ட்ஸ். நம் வீட்டு எஃப்.எம். பெட்டியின் எல்லைக்குள் வரும் எண் அது. கற்றை மேலே செல்லச் செல்ல அடர்த்தி குறைவதால், அதிர்வெண்ணும் சில நொடிகளில் சரிந்து இறங்குகிறது.

இந்த ரேடியோ அலையைப் பிடிக்க நூலக மாடியில் அலுமினியக் குழாய்களால் நாமே கட்டிய ஆண்டெனா, பாலக்காட்டுக் கணவாய் வழி வந்த ஆடிக்காற்றில் சாய்ந்தது. மீண்டும் நிறுத்திய பிறகு, நேரத்தைக் கிடையாகவும் அதிர்வெண்ணைச் செங்குத்தாகவும் காட்டும் திரையில் முதலில் தெரிந்த கோடு எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே கணத்தில் செங்குத்தாக நின்றது. பக்கத்துத் தோப்பில் பம்புசெட் ஓடத் தொடங்கிய நேரம் அது. சூரியனுடைய கோடு சாய்ந்துதான் விழும் என்பதை மாணவர்கள் அன்றே கற்றுக்கொண்டார்கள். கார்த்திகையில் ஒரு முற்பகல், அப்படிச் சாய்ந்த மெல்லிய கோட்டை ஒன்பதாம் வகுப்பு மாணவி முதலில் கண்டு சொன்னபோது, அறையில் யாரும் சற்று நேரம் பேசவில்லை.

அடுத்த ஆடிக்கு முன் ஆண்டெனாவுக்கு இரும்புத் தாங்கியும் இழுகம்பிகளும் அமைக்க, பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்