கார் பேட்டரிக்கு வழி செய்துவிட்டேன், கண்ணு

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள கண்ணுவுக்கு,

போனில் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகிறது. பேரன் கூப்பிடுவான், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காரை விற்றுவிடலாமா என்று கேட்டாய். வேண்டாம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா வண்டி எடுப்பதில்லை, எனக்கோ ஓட்டத் தெரியாது, எல்லாம் சரி. ஆனால் நீங்கள் வந்து இறங்கினால் சிதம்பரம், பாண்டி, குலதெய்வம் கோயில் என்று நாலு இடம் போக வண்டி வேண்டாமா? மாப்பிள்ளை ஓட்டுவார், நாங்கள் பின்னால் பேரனோடு உட்கார்ந்து வருவோம். எனக்கு அது வேண்டும். நிறுத்திப்போட்ட காரில் முதலில் செத்துப்போவது பேட்டரிதான். அதற்கு மொட்டை மாடியில் 10 வாட்ஸ் சோலார் பேனல் ஒன்று வைத்தாயிற்று.

வாரம் ஒருதரம் யாரையாவது விட்டு அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தச் சொன்னாய். தெருவில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. செல்ஃப் அடிக்கும்போது இழுத்த கரண்ட் வேண்டுமானால் அந்த அஞ்சு நிமிஷத்தில் திரும்பி வரலாம். வாரம் முழுக்கக் கசிந்தது வராது. ஈய அமில பேட்டரி கடைசிக் கால்பங்கு சார்ஜை மெதுவாகத்தான் ஏற்றுக்கொள்ளும், அதற்கே சில மணி நேரம் வேண்டும். அப்புறம், இன்ஜின் நன்றாகச் சூடாகாமல் நிறுத்தினால் சைலன்சரில் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும்.

சாவியை எடுத்த பிறகும் கசிகிறதா என்று கேட்பாய். ரிமோட் லாக், அலாரம், கடிகாரம், உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 20லிருந்து 50 மில்லி ஆம்பியர் வரை எடுப்பது சாதாரணம். 30 என்றே வைத்துக்கொள். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் ஹவர், மாதத்துக்கு 21க்கு மேல். நம் வண்டியில் இருப்பது 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது! போதாததற்கு நம் ஊர் வெயில். சூடு ஏற ஏற பேட்டரி தானாகவே இறங்கும் வேகமும் கூடும். குறைந்த சார்ஜிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இதை எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருப்பேன். இறுகிய பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது.

நெகட்டிவ் வயரைக் கழற்றிப் போடலாமே என்றார் அப்பா. ஒரு மாதம், ரெண்டு மாதம் என்றால் அதுவே போதும், காசும் மிச்சம். நீ வர ஆறு மாதத்துக்கு மேலாகும். அதுவரை அலாரம் இல்லாமல் வண்டி நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பேட்டரியை முதலில் கடையில் கொடுத்து முழுசாகச் சார்ஜ் ஏற்றி வாங்கினோம். செத்த பேட்டரியை இந்தச் சின்னப் பேனல் எழுப்பாது. இருப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றினபோது பாசிட்டிவ் டெர்மினலைப் பார்த்தேன். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, கிளாம்ப்பே தெரியவில்லை. நமக்குக் கடல் காற்று வேறு. வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றினேன், நுரைத்துக்கொண்டு கரைந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, திரும்ப மாட்டியதும் மேலே வாஸ்லைன் தடவிவிட்டேன். இப்போது பளிச்சென்று இருக்கிறது.

பேனலோடு சிகரெட் லைட்டரில் செருகுகிற பிளக் ஒன்று கொடுத்தார்கள். நம் காரில் சாவியை எடுத்தால் அந்த சாக்கெட்டுக்கு இணைப்பே கிடையாது, செருகியும் பயனில்லை. எலக்ட்ரீஷியன் தம்பியை வரவழைத்து, பேட்டரியிலிருந்தே வயர் எடுத்து, பாசிட்டிவ் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போட்டு, நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் வைக்கச் சொன்னேன். அது இல்லாமல் நேராகக் கொடுக்காதே என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வெயிலில் பேனல் தனியாக 20 வோல்ட்டுக்கு மேல் காட்டும். கன்ட்ரோலர்தான் அதை 14 சொச்சத்தில் நிறுத்தி, நிறைந்த பிறகு 13.7 பக்கம் இறக்கி வைக்கும். ராத்திரியில் பேட்டரி கரண்ட் பேனலுக்குத் திரும்பிப் போகாமலும் தடுக்கும்.

கார் ஷெட்டுக்குள் நிற்பதால் டேஷ்போர்டில் பேனலை வைப்பதில் அர்த்தமில்லை. மாடியில் தெற்கு பார்த்து லேசான சாய்வில் வைத்திருக்கிறோம். கடலூர் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 12 டிகிரி வடக்கே, சாய்வும் அவ்வளவு போதும். முதலில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக வைத்தான். மத்தியானத்துக்கு மேல் பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை நிழல் ஒரு கோடாக விழுந்தது. ஒரு கோடுதானே என்று விட முடியாது. செல்கள் எல்லாம் வரிசையாகக் கோத்தவை, ஒன்றில் நிழல் பட்டால் மொத்தமும் படுத்துவிடும். இந்தப் பக்கம் நகர்த்திய பிறகு நல்ல வெயிலில் அரை ஆம்பியர் வருகிறது. ஒரு நாளைக்கு நாலு மணி நேர வெயில் கிடைத்தாலே, நிற்கிற கார் இழுக்கும் கரண்டைவிட அதிகம். காலையில் வெயில் வருமுன் மீட்டர் வைத்துப் பார்க்கிறேன்: 12.7 வோல்ட். 12.4க்குக் கீழே இறங்கினால்தான் யோசிக்க வேண்டும். உப்பும் தூசியும் படிவதால் துணி காயப்போடப் போகும்போது ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சார்ஜ் குறையும், சமாளித்துக்கொள்ளும். புயல் என்று அறிவித்தால் மட்டும் பேனலைக் கழற்றிக் கீழே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி ‘தானே’ புயல் வந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம்.

வண்டி எடுக்கும்போது மாப்பிள்ளையிடம் சொல்: முதலில் பேனல் பிளக், பிறகு பேட்டரி பிளக் கழற்ற வேண்டும். மாட்டும்போது பேட்டரி முதலில். ஹேண்ட் பிரேக் போடவில்லை, கியரில் விட்டு டயருக்குக் கட்டை வைத்திருக்கிறோம், அதையும் எடுக்கச் சொல். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்லிவிடு, முந்தின நாளே டயருக்குக் காற்றடிக்க ஆளை வரச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா