பதினாறு வயதுக்கு லைசென்ஸ் உண்டு, வண்டிதான் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவர்கள் வண்டி ஓட்டினால் பெற்றோர் மீது வழக்கு என்று உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். வேறு நேரமாக இருந்தால் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போயிருப்பேன். போன மாதம்தான் என் மகளுக்காக இதே விஷயத்தில் அலைந்துவிட்டு வந்திருக்கிறேன், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிக்கு அரசு கொடுத்த சைக்கிளிலேயே போய்விடுவாள், அதில் பிரச்சினை இல்லை. டியூஷன்தான் சிக்கல். விடிகாலை ஐந்தரை மணிக்கு, ஏழு கிலோமீட்டர் தள்ளி. அந்த நேரத்துக்கு எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. அவள் அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார், எனக்கோ படுக்கையில் இருக்கும் மாமியாரை விட்டு அந்த நேரத்தில் நகர முடியாது. வீட்டில் ஸ்கூட்டர் சும்மா நிற்கிறது. "எனக்குத்தான் பதினாறு முடிஞ்சிடுச்சே, லைசென்ஸ் எடுத்துக் குடும்மா, நானே போய்க்கிறேன்" என்று ஒரே நச்சரிப்பு.

சரி என்று ஒரு டிரைவிங் ஸ்கூலில் போய்க் கேட்டேன். "பதினாறுக்குப் போட்டுடலாம்க்கா, கியர் இல்லாத வண்டிக்கு. நீங்க சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்" என்றார்கள். ஆதார், வயதுக்குச் சான்று, உடம்பு நன்றாக இருக்கிறது என்று நாமே எழுதிக் கொடுக்கும் ஒரு படிவம். சாலைக் குறியீடுகள் பற்றி கம்ப்யூட்டரில் ஒரு டெஸ்ட், நூற்றுக்கு அறுபது எடுத்தால் எல்எல்ஆர், அதாவது பழகுவதற்கான லைசென்ஸ். அது ஆறு மாதம் செல்லும், முப்பது நாள் கழித்து வண்டியை எட்டு வடிவத்தில் ஓட்டி, அதாவது எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். நானும் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

ராத்திரி உட்கார்ந்து போனில் விண்ணப்பத்தைப் பார்க்கும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. 18 வயதுக்குக் கீழே என்றால் 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ். எங்கள் வீட்டு ஸ்கூட்டர் 110 சிசி. இன்று பெண்பிள்ளைகள் ஓட்டும் ஸ்கூட்டர் எல்லாமே கிட்டத்தட்ட அந்த அளவுதான், இல்லையென்றால் 125.

மறுநாள் ஒரு ஷோரூமில் விசாரித்தேன், அங்கே இருந்த பையன் சிரித்தேவிட்டான். "ஐம்பது சிசியா? அது எங்க தாத்தா ஓட்டின டிவிஎஸ் ஃபிப்டிக்கா" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது 1980-ல். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் எழுதப்பட்டது. அப்போது ஊர் முழுக்க மொபெட், எனவே பதினாறு வயதுக்கு 50 சிசி என்று போட்டதில் அர்த்தம் இருந்தது. இன்று நெல் மூட்டை ஏற்றிப் போகிற எக்ஸ்எல் வண்டியே நூறு சிசிக்கு வந்துவிட்டது. 2019-ல் இந்தச் சட்டத்தைப் பக்கம் பக்கமாகத் திருத்தி அபராதத்தை எல்லாம் ஏற்றினார்கள், இந்த ஐம்பதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஆக, பதினாறு வயதில் லைசென்ஸ் கிடைக்கும், அதை வைத்து ஓட்ட கடையில் பெட்ரோல் வண்டி கிடைக்காது.

திரும்பவும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் இதைச் சொன்னால், "எல்லாரும் அப்படித்தான்க்கா ஓட்டுறாங்க. கார்டு இருக்கான்னுதான் பார்ப்பாங்க, சிசி எல்லாம் யாரு பார்க்கப் போறா?" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

ஏனென்றால் அதே 2019 திருத்தத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பிள்ளையிடம் எல்எல்ஆரோ லைசென்ஸோ இருந்தால் பெற்றோர் தப்பிக்கலாம்தான், ஆனால் எந்த வண்டிக்கு லைசென்ஸ் வாங்கினாளோ அந்த வண்டியை ஓட்டியிருக்க வேண்டும். 50 சிசி கார்டை வைத்துக்கொண்டு 110-ஐ ஓட்டினால் அது கார்டே இல்லாதது மாதிரிதான். எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனாள் என்று நிரூபித்தாலும் விட்டுவிடுவார்களாம், சம்மதம் என்று கையெழுத்துப் போட்ட நான் அதை எந்த முகத்தோடு சொல்வது? அப்புறம் இன்சூரன்ஸ். தகுந்த லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டி வந்தால், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று கோர்ட்டுகள் தீர்ப்பு கொடுக்கின்றன. உரிமையாளர் நான்தான். எங்களுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர். இதில் ஒரு வார்த்தையைக்கூட பணம் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை.

பேட்டரி ஸ்கூட்டர் வாங்கலாமே என்றாள் மகள். அந்தக் கதை இன்னும் வேடிக்கை. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை, லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். எட்டாவது படிக்கிற பையன்கூட ரோட்டுக்கு எடுத்து வரலாம், ஹெல்மெட் போட்டாயா என்று கேட்பாரில்லை. அதே பையனுக்குப் பதினெட்டு முடிந்து கியர் வண்டி லைசென்ஸ் வந்துவிட்டால் 100 சிசியும் ஓட்டலாம், 650 சிசி பைக்கும் ஓட்டலாம், நடுவில் படியே கிடையாது.

இங்கிலாந்தில் என் தம்பி இருக்கிறான். அவன் மகனும் பதினாறு வயதில்தான் மொபெட் எடுத்தான். அங்கே மொபெட் என்றால் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத வண்டி, பேட்டரி என்றாலும் அதே கணக்கு. முதலில் மைதானத்தில் பழக்கிவிட்டு, பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் பயிற்சியாளரோடு நிஜ ரோட்டில் ஓட்டினால்தான் சான்றிதழ். அதுவும் இரண்டு வருடத்துக்குத்தான், எல் போர்டை எடுக்கக் கூடாது, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது.

நம் ஊரில் எட்டு. கால் ஊன்றாமல் எட்டு போட்டால் பிரேக் இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிடுவார். வேண்டாம் என்று சொல்லவில்லை, பேலன்ஸ் தெரிய வேண்டியதுதான். ஆனால் அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டை அடைத்து நெல் காயப் போட்டிருக்கும்போது அதன்மேல் பிரேக் பிடித்தால் என்ன ஆகும், எதிரே டிராக்டர் ஒற்றை விளக்கோடு வந்தால் அது பைக்கா டிராக்டரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இதையெல்லாம் எந்த எட்டில் கற்றுக்கொள்வது?

2024 மே மாதம் புனேயில் சொகுசு கார் மோதி இரண்டு ஐடி ஊழியர்கள் செத்துப்போனார்கள், ஓட்டியதாகப் பிடிபட்டது 17 வயதுப் பையன். விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்று சொல்லி ஜாமீன் கொடுத்தார்கள், ஊரே கொதித்த பிறகுதான் அந்த உத்தரவு மாறியது. அப்படிப்பட்ட வீடுகளையும், டியூஷனுக்குப் பஸ் இல்லாத வீடுகளையும் உங்கள் செய்தி ஒரே வரியில் "பொறுப்பற்ற பெற்றோர்" என்று எழுதிவிட்டது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

பதினாறு வயதில் ஓட்டவே கூடாது என்றால் அந்த 50 சிசி வரியைச் சட்டத்திலிருந்து எடுத்துவிடட்டும், நாங்களும் ஆசைப்பட மாட்டோம். ஓட்டலாம் என்றால் சிசியை விட்டுவிட்டு வேகத்தைக் கணக்கில் எடுக்கட்டும். பேட்டரியோ பெட்ரோலோ 40, 45-க்கு மேல் போகாத வண்டி, ரோட்டிலேயே பயிற்சி, பின்னால் ஆள் கூடாது. என் கட்சி இரண்டாவதுதான். இது மத்திய அரசின் சட்டம், நம் எம்.பி.க்களில் யாராவது இதை ஒரு கேள்வியாகவாவது கேட்கலாம்.

டிரைவிங் ஸ்கூலில் கட்டிய பணம் திரும்ப வரவில்லை, பதினெட்டு ஆனதும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மகள் இப்போது ஆறே முக்கால் பேட்ச்சுக்கு மாறிவிட்டாள், அதற்குப் பஸ் இருக்கிறது. அங்கிருந்து பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் பிரேயர் முடிந்துவிடுகிறது, தினமும் வெளியே நிற்கிறாள். ஸ்கூட்டர் சாவியை அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிளஸ் ஒன் மாணவியின் அம்மா,
காவிரி டெல்டா