செயலாளரின் ஆண்டறிக்கை 2025: விடியற்காலையில் வந்த வாடை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, தமிழ் மொழி விழாவையொட்டிய கதை சொல்லும் நிகழ்ச்சி, தீபாவளி விருந்து மூன்றும் வழக்கம்போல் நடந்தேறின. சனிக்கிழமைத் துணைப்பாட வகுப்பு தொடர்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சிங்கப்பூர்ச் சங்கங்களின் பதிவகத்துக்கு அனுப்பவேண்டியவை உரிய காலத்தில் அனுப்பப்பட்டன. இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தில் பெரும்பகுதி காற்றுக்கே போயிற்று. ஆகவே அறிக்கையிலும் பெரும்பகுதியை அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் மாதம் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு விளக்கேற்ற எழுந்த நம் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர், தீப்பெட்டியைக் கையில் எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டார். சமையலறையில் பெட்ரோல் நிலையத்தில் அடிப்பதுபோன்ற வாடை. அடுப்பில்தான் கேஸ் கசிகிறது என்று பயந்து பேரனை எழுப்பினார். பேரன் வால்வைப் பார்த்தான், மூடித்தான் இருந்தது. சன்னலைத் திறந்தபோது வாடை இன்னும் கூடியது. வெளியிலிருந்து வருகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. வெயில் ஏறியதும் ஒன்றும் இல்லை. அன்று அவர் வீட்டில் விளக்கு எட்டு மணிக்குத்தான் ஏற்றப்பட்டது. அந்த வாரமே அதே வரிசையில் உள்ள இன்னும் இரண்டு அடுக்குமாடிப் புளோக்குகளிலிருந்து இதே பேச்சு வந்தது.

நமக்குத் தெற்கே, கடலோரத் தொழிற்பேட்டையில், எண்ணெயை டேங்குகளில் சேமித்துக் கப்பலில் ஏற்றி இறக்கும் எரிபொருள் முனையம் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதன் பெயரை இந்த அறிக்கையில் எழுதவில்லை. வாடை அங்கிருந்துதான் வந்தது என்று இன்றுவரை உறுதியாகவில்லை. அருகிலேயே வேறு ஆலைகளும் உண்டு, கப்பல்களும் உண்டு. உறுதியாகாத பழியை ஒருவர்மேல் சுமத்துவது சங்கத்துக்கு அழகல்ல என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்தது.

முதலில் நாங்கள் செய்தது எல்லாரும் செய்வதுதான்: காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு எவ்வளவு என்று கைப்பேசியில் பார்த்தோம். ‘மிதமான’ நிலை என்று இருந்தது. சிலர், அப்படியானால் கவலையில்லை என்றார்கள். சிலர், குறியீடே பொய் என்றார்கள். இரண்டும் சரியில்லை. அந்தக் குறியீடு ஆறு பொருள்களை மட்டும் அளக்கிறது: பிஎம் 10 நுண்துகள், 2014 முதல் அதில் சேர்க்கப்பட்ட பிஎம் 2.5 நுண்துகள், கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு. பெட்ரோல் ஆவியில் இருக்கும் பென்சீனோ டொலுவீனோ அந்த ஆறில் இல்லை. புகைமூட்டக் காலத்தில் நமக்குக் கைகொடுத்த அந்த எண் பெட்ரோல் வாடையைப் பற்றி எதுவும் சொல்லாது. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட ஆவிகள் வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து ஓசோனாகவும் மாறுகின்றன. மூக்குக்கு எட்டிய ஒவ்வொரு வாடையும் ஆபத்து என்று நான் சொல்லவரவில்லை. பல ஆவிகளை, தீங்கு செய்யும் அளவைவிட மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் எது, எவ்வளவு என்று அளந்து பார்த்தால்தானே தெரியும்?

ஜூலை மாதக் கூட்டத்தை நான் மறக்கமாட்டேன். டேங்க்மேல் ஏறி அளவெடுக்கும் வேலையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் நம் சங்கத்தில் இருக்கிறார். அன்று புளோக்கின் கீழ்த்தளத்தில், தேநீருக்கு வைத்திருந்த எவர்சில்வர் பாத்திரத்தில் பாதிவரை தண்ணீர் ஊற்றி, அதன் வாய்க்குள் அடங்கும் ஒரு தட்டை மிதக்கவிட்டார். “இதுதான் மிதக்கும் கூரை. எண்ணெய் ஏறினால் கூரையும் ஏறும், இறங்கினால் இறங்கும். எண்ணெய்க்கும் கூரைக்கும் நடுவே காலியிடம் இல்லாததால் ஆவி சேராது” என்றார். பிறகு தட்டின் ஓரத்துக்கும் பாத்திரத்துக்கும் இடையிலிருந்த மெல்லிய இடைவெளியில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். “இந்த ஓரத்தில் ஒரு சீல் இருக்கும். அது தேய்ந்தால், கிழிந்தால், இதோ இந்த வழியாகத்தான் வரும்.” நிலையான கூரை உள்ள டேங்க் என்றால் பகல் வெப்பத்தில் உள்ளே ஆவி விரிந்து மூச்சு விடும் என்றார். டேங்கை நிரப்பும்போது உள்ளே இருந்த ஆவி வெளியே தள்ளப்படும். கப்பலில் ஏற்றும்போதும் அப்படித்தான். ஆவியைப் பிடித்துத் திரும்பக் குளிரவைத்துச் சேமிக்கும் கருவி இருந்தால் தப்பிக்கலாம். கூட்டத்தில் இருந்த மாணவர்கள் அந்தத் தட்டைச் சுற்றி நின்றுகொண்டு கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார்கள். தேநீர் அன்று தாமதமாகத்தான் வந்தது.

விடியற்காலையில் மட்டும் ஏன் என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சிங்கப்பூரில் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசுகிறது. கடலோரத் தொழிற்பேட்டை நமக்குத் தெற்கே. இரவில் தரை குளிர்ந்து காற்று அசையாமல் படுத்துவிடுவதால் ஆவி மேலெழுந்து கலையாமல் தரையோடு தரையாக நகர்கிறது. டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வந்ததும் புகார் நின்றுபோனது. காற்று அப்போது அதைக் கடல் பக்கம் கொண்டுபோயிற்று; ஆவி வருவதே நின்றுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை.

அடுத்து, யாரிடம் கேட்பது? இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு மாதம் ஆனது. ஆலைகளிலிருந்து வெளியேறும் காற்றைத் தேசிய சுற்றுப்புற வாரியம் சுற்றுப்புறப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தின்கீழ் கவனிக்கிறது. அட்டவணையில் உள்ள ஆலைகள் எழுத்துபூர்வ அனுமதி பெற்றே இயங்கவேண்டும். பெட்ரோலியத்தைச் சேமித்து வைக்க உரிமம் தருவது சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை. பெரிய அபாயம் உள்ள நிலையங்கள் தங்கள் பாதுகாப்பு ஏற்பாட்டை எழுதிக்காட்டி நிரூபிக்கவேண்டும் என்ற விதி 2017 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. அது மனிதவள அமைச்சின் பொறுப்பு. கப்பல் என்றால் கடல்துறை, துறைமுக ஆணையம். நிலம் எதற்கு என்று தீர்மானிப்பது நகர மறுசீரமைப்பு ஆணையம். தொழிற்பேட்டை நிலத்தைக் குத்தகைக்கு விடுவது ஜேடிசி என்ற அரசு அமைப்பு. ஒவ்வொருவரும் தம் பங்கைச் செய்கிறார்கள். ஆனால் சன்னலோரம் நிற்கும் ஓர் அம்மாவுக்கு இந்தப் பங்கீடு எப்படித் தெரியும்? இந்தப் பட்டியலைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு புளோக்கிலும் ஒட்டியிருக்கிறோம். இந்த ஆண்டு நாம் செய்த வேலைகளில் நான் மிகவும் மனநிறைவு கொள்வது இந்தத் தாளைப் பற்றித்தான்.

ஜூன் 25ஆம் தேதி, எந்த நிலம் எதற்கு என்று காட்டும் பெருந்திட்ட நகல் 2025 பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. உறுப்பினர்கள் சிலர் மேக்ஸ்வெல் சாலையில் உள்ள நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்குச் சென்று பார்த்தார்கள். நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் தொழில் நிலம் இரண்டு வகை. வர்த்தகம் 1 என்பது குடியிருப்பிலிருந்து 50 மீட்டருக்கு மேல் இடைவெளி தேவைப்படாத தொழில்களுக்கு. அதற்குமேல் தேவைப்படுபவை வர்த்தகம் 2. இலகுரகத் தொழிலுக்கும் குடியிருப்புக்கும் இடையே குறைந்தது 50 மீட்டர், பொதுத் தொழிலுக்கு 100, தனிவகைத் தொழிலுக்கு 500 மீட்டர் என்பது விதி. நம் புளோக்குகளுக்கு அந்தத் தூரம் இருக்கிறது. இந்த ஊர் இவ்விஷயத்தில் முன்யோசனை உள்ள ஊர் என்பதையும் சொல்லவேண்டும். மண்ணெண்ணெய்க் கிடங்கு 1891இல் நகரத்துக்குள் அமையாமல் புக்கோம் தீவில்தான் அமைந்தது. ஏழு தீவுகளை இணைத்து ஜூரோங் தீவு உருவாக்கப்பட்டதால் ஆலைகள் குடியிருப்பிலிருந்து தள்ளி நின்றன. 2014இல் திறக்கப்பட்ட ஜூரோங் பாறைக் குகைகளில் 14.7 லட்சம் கனமீட்டர் எண்ணெய் நிலத்துக்கடியில் வைக்கப்படுகிறது. அதனால் மிச்சமான நிலம் 60 ஹெக்டர். அப்படியிருந்தும் 2018 மார்ச் 20 மாலை புசிங் தீவில் ஓர் எண்ணெய் டேங்க் பற்றியெரிந்தபோது அந்தப் புகையை நம்மில் பலர் நம் வீட்டு மாடத்திலிருந்தே பார்த்தோம்.

என் மனத்தை உறுத்துவது வேறு. அந்த இடைவெளி விதி குடியிருப்பை நினைத்து எழுதப்பட்டது. வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகள் பல, தொழிற்பேட்டைக்குள்ளேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நம் கோலாட்டப் பயிற்சிக்கு வரும் தம்பிகள் அங்கேதான் தூங்குகிறார்கள். ஒரு தம்பியிடம், “வாடை வந்தால் சொல்லுங்கள்” என்றேன். “எது வாடை அக்கா? தினமும் இருப்பதா, புதிதாக வருவதா?” என்று கேட்டார். பேச்சு அத்துடன் நின்றுவிட்டது. அந்தத் தம்பிகள் நமக்கு முன்பே மூச்சிழுப்பவர்கள். நம் மனுக்களில் இனிமேல் அவர்கள் இருப்பிடமும் எழுதப்படும்.

செப்டம்பரில் உரிய அலுவலகத்துக்கு மனு கொடுத்தோம். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். “வாடை அடிக்கும்போதே சொல்லுங்கள். மறுநாள் சொன்னால் எங்களால் பிடிக்கமுடியாது” என்றார். நியாயமான பேச்சு. ஆனால் நாம் கேட்ட இன்னொன்றுக்கு இன்னும் பதில் இல்லை. அமெரிக்காவில் 2015இல் வந்த விதிப்படி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் வேலியோரமாகச் சிறு குழாய்களைத் தொங்கவிட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பென்சீனை அளக்கிறார்கள். ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஆலை காரணத்தைத் தேடிச் சரிசெய்யவேண்டும். அளவுகளைப் பொதுமக்களும் பார்க்கலாம். நம் தொழிற்பேட்டையின் வேலியிலும் அப்படி அளந்து வெளியிடலாமா என்று கேட்டிருக்கிறோம். அடுத்த செயற்குழு இதை விடாமல் தொடரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாடைக் குறிப்பேடு பற்றி. நீல அட்டை போட்ட நோட்டுப்புத்தகம் அது. நாள், மணி, எந்த மாடி, காற்று எந்தப் பக்கம், பெட்ரோல் வாடையா அழுகிய முட்டை வாடையா, எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுதவேண்டும். அழுகிய முட்டை வாடை அடித்து, பிறகு திடீரென மறைந்துவிட்டால் நிம்மதி அடையாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு மிகுந்தால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். உடனே அங்கிருந்து விலகி 995ஐ அழையுங்கள். விளக்கேற்றும் அந்த அம்மாதான் இதுவரை அதிகம் எழுதியிருக்கிறார். அவருடைய கையெழுத்தில் மணியும் நிமிடமும் தவறுவதில்லை. இப்போது அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. வரும் ஜூன் மாதத்துக்கு முன்பாக, காலையில் எழும் பழக்கமுள்ள இருவர் குறிப்பேட்டை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள முன்வரவேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்