பதினாலாம் நாள் கிளம்ப வேண்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கைக்கு வர மூன்று வாரம் ஆகிவிட்டது. விலாசம் என்று நான் கொடுத்திருப்பது ஒரு சிநேகிதர் வீடு, நான் அப்போது அங்கிருந்து இருபது மைல் தள்ளி, இங்கிலாந்துக் கால்வாய் ஒன்றில் என் வீடான படகைக் கட்டியிருந்தேன், அவர் அந்தப் பக்கம் வந்தபோது கரையில் நின்று கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏற விடாதே. கேட்கமாட்டார், தெரியும், இருந்தாலும் சொல்லிக்கொண்டே இரு.

"வாடகை கிடையாது, தண்ணீர் மேல் வீடு, ஜன்னலைத் திறந்தால் வாத்து, அப்புறம் என்ன குறை உனக்கு, போன் பண்ணினாலே புலம்புகிறாய்?" என்று எழுதியிருக்கிறாய். போனில் சொல்லி முடியாத விஷயம் இது. இன்று மழை, வெளியே வேலை இல்லை, அடுப்பில் கட்டை எரிந்துகொண்டிருக்கிறது, உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி, மணி மூன்று இருக்கும், உடம்பெல்லாம் ஒரு பக்கமாக உருண்டு சுவரில் முட்டி விழித்துக்கொண்டேன். கட்டில் சாய்ந்திருந்தது. கட்டில் மட்டும் இல்லை, வீடே சாய்ந்திருந்தது. சமையல் மேடையில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தன. டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்து வெளியே பார்த்தால் கால்வாயில் தண்ணீரே இல்லை. நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது, மீதியெல்லாம் கறுப்புச் சேறு. அதில் கை அகலத்துக்குச் சிப்பிகள், துருப்பிடித்த ஒரு சைக்கிள், துள்ளிக்கொண்டிருந்த ஒரு மீன். படகின் ஒரு பக்கம் கரையோரத் திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது, மறுபக்கம் சேற்றில் இறங்கிவிட்டது, கட்டியிருந்த கயிறு இரண்டும் வீணைத் தந்தி மாதிரி முறுக்கேறி நின்றன. அந்தக் கயிற்றைத் தளர்த்த நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. தளர்த்தாமல் விட்டிருந்தால் படகு கயிற்றில் தொங்கியிருக்கும், அப்புறம் தண்ணீர் திரும்பி வரும்போது உள்ளே புகுந்து மூழ்கடித்திருக்கும். அப்படிப் போன படகுகள் உண்டு.

காரணம் கேட்டால் உனக்கும் கோபம் வரும். லாக் என்றால் என்ன என்று தெரியும் இல்லையா, கல் கட்டிய நீளமான தொட்டி, இரண்டு முனையிலும் கனமான மரக்கதவு, படகை உள்ளே விட்டுத் தண்ணீர் நிரப்பினால் மேலே ஏறும், வடித்தால் கீழே இறங்கும். நான் கட்டியிருந்தது இரண்டு லாக்குகளுக்கு நடுவே இருந்த சின்னத் துண்டில். கீழ் லாக்கின் கதவுகள் மரம் உளுத்து, இரண்டும் சேரும் இடத்தில் பீச்சாங்குழல் மாதிரி தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது, மேல் கதவும் சரியாக மூடவில்லை. ஆறு வாரத்துக்கு முன்னாலேயே நானும் இன்னும் இரண்டு பேரும் படம் எடுத்துக் கால்வாய் நிர்வாகத்துக்கு அனுப்பினோம். "பதிவு செய்துகொண்டோம், நன்றி" என்று பதில் வந்தது, ஒரு நாள் யாரோ வந்து சிவப்பு வெள்ளை நாடா கட்டிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். காலையில் மேலே இருந்து தண்ணீரைத் திறந்துவிட்டுப் படகை மிதக்கவைத்தவர்கள்கூட சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இல்லை, எழுபது வயது தாண்டிய இரண்டு தொண்டர்கள். நம் ஊரில் குடிமராமத்து என்று சொல்வோமே, அதே மனசு. அவர்களைக் கும்பிட்டேன்.

நிர்வாகத்திடம் பணம் இல்லை என்பது பொய் இல்லை. அதை ஒத்துக்கொண்டுதான் பேசவேண்டும். இந்தக் கால்வாய்கள் பெரும்பாலும் இருநூறு வருடத்துக்கு மேல் பழசு, மண் கரைக்குள்ளே களிமண்ணைக் குழைத்து மிதித்துக் கசியாமல் பண்ணியவை. 1948-இல் அரசுடைமை ஆயின, 2012 ஜூலையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருக்கும் சுமார் 2,000 மைல் நீர்வழியை அரசு ஓர் அறக்கட்டளையின் கையில் ஒப்படைத்தது. மானியம் வருகிறது, ஆனால் 2027 முதல் பத்து வருடத்துக்கு மொத்தமாக 40 கோடியே 10 லட்சம் பவுண்டு என்று முடிவு செய்திருக்கிறார்கள், அதுவும் வருடத்துக்கு 5 சதவீதம் குறைந்துகொண்டே போகும். விலைவாசி ஏற ஏற மானியம் இறங்குகிறது என்றால் எந்தக் கதவை மாற்றுவது? பழைய அணைகளும் இருக்கின்றன. 2019 ஆகஸ்டில் வேலி பிரிட்ஜ் என்ற ஊருக்கு மேலே டாட்புரூக் நீர்த்தேக்கத்தின் உபரி நீர் வழியும் கலிங்குச் சரிவு மழையில் பெயர்ந்து, சுமார் 1,500 பேரை வீட்டை விட்டுக் கிளப்பி, விமானப்படை ஹெலிகாப்டர் மூட்டை மூட்டையாகக் கல்லைக் கொட்டி அடைத்தது. உயிர் விஷயம், அதற்குத்தான் முதலில் பணம் போகவேண்டும், யாரும் மறுக்கமாட்டார்கள்.

தனியார் கையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்காதே. 1761-இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் ஒரு தனியார் நிறுவனத்தின் சொத்து. 2025 ஜனவரி 1 அன்று பெருமழையில் டன்னம் மாஸி பக்கத்தில் அதன் கரை உடைந்து தண்ணீர் வயல்வெளியில் பாய்ந்தது. அதே வருடம் கோடையில் மழை பொய்த்து லீட்ஸ் லிவர்பூல் கால்வாயில் பல மைல் நீளத்துக்கு லாக்குகளைப் பூட்டிவிட்டார்கள். சின்ன லாக் ஒன்றை ஒரு தடவை நிரப்பவே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும், ஏரியில் தண்ணீர் இல்லையென்றால் எங்கே போவது? ஆனால் இதில் ஒன்று இருக்கிறது நண்பா. கதவு கசிந்து ராத்திரி பகலாக ஓடி வீணாகும் தண்ணீர் வறட்சிக் கணக்கில்தான் சேருகிறது. பானையில் ஓட்டையை வைத்துக்கொண்டு மழை பெய்யவில்லை என்று சொன்னால் எப்படி?

எனக்கு வலிப்பது பணக்குறை இல்லை. இருக்கிற பணத்தில் எது முதல், எது அடுத்தது என்ற வரிசைதான். 2018-இல் அறக்கட்டளை தன் அடையாளத்தை மாற்றியது, கால்வாய் என்பது மக்கள் உடல்நலத்துக்கும் மன அமைதிக்கும் என்று. நல்ல எண்ணம்தான், நானும் கரைப்பாதையில் நடப்பவன்தான். ஆனால் அதற்கப்புறம் பாலத்துக்குப் பாலம் புது நீலப் பலகை வந்தது, அந்தப் பலகைக்குக் கீழே இருக்கும் மதகின் பல்சக்கரம் உடைந்தபடியே கிடந்தது. இங்கே எந்தப் படகுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ரெண்டாவது வாக்கியத்தில் அந்த நீலப் பலகை வந்துவிடும். பலகைக்கு ஆன செலவு கதவுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சின்னதாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு நாளும் கண்ணில் படுவது அதுதானே.

தூர்வாருவதும் அப்படித்தான். என் படகு 57 அடி நீளம், அகலம் ஏழடிக்கும் குறைவு, இங்கே நேரோபோட் என்பார்கள், தண்ணீருக்குள் இரண்டரை அடிதான் இறங்கும். அந்த இரண்டரை அடி கூட இல்லாமல் கரையை நெருங்க முடியாத இடங்கள் எத்தனை! நீளக் கழியை ஊன்றித் தள்ளித் தள்ளித் தோள்பட்டை போய்விடுகிறது. குடிநீர்க் குழாய் ஒன்று உறைபனியில் வெடித்து மூடியவர்கள் மார்ச் போய் மே வந்தும் திறக்கவில்லை, இருபது லிட்டர் கேன் இரண்டைத் தள்ளுவண்டியில் வைத்து ஒன்றரை மைல் இழுத்துக்கொண்டு வந்தேன். கழிவறைப் பெட்டியைக் கொட்டும் இடம் பூட்டியிருந்தால் என்ன ஆகும் என்பதை எழுதவில்லை, நீயே நினைத்துக்கொள்.

இப்போது பதினாலு நாள் கதைக்கு வருகிறேன். நிரந்தரமாகப் படகு கட்ட இடம் வாடகைக்கு எடுக்காதவர்களுக்கு 1995-ஆம் வருடச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும், ஒரே இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது, நியாயமான காரணம் இருந்தால் கூடுதலாக இருக்கலாம். அவ்வளவுதான் சட்டம். எத்தனை மைல் போகவேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் நிர்வாகம் தன் கணக்கில் ஒரு தூரம் வைத்துக்கொண்டு, போதவில்லை என்றால் வருட லைசென்ஸுக்குப் பதில் ஆறு மாதம்தான் என்று சுருக்கும், அதற்கப்புறமும் சரிவரவில்லை என்றால் படகையே எடுத்துக்கொண்டு போக சட்டத்தில் இடம் இருக்கிறது. படகு என்றால் வீடு, நண்பா.

பக்கத்துப் படகில் ஓர் அம்மா இருக்கிறார், ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட், ஒன்பது வயதுப் பையன். பள்ளிக்கூடம் ஓர் இடத்தில் நிற்கிறது, வீடு பதினைந்து நாளுக்கொரு தடவை நகர்கிறது. காலையில் ஆறரைக்கே பையனைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கரைப்பாதையில் போவார், மழையானாலும் சரி. போன குளிர்காலத்தில் அவர் போகவேண்டிய பக்கம் லாக் பழுதாகி மூடியிருந்தது, திரும்பி வந்த பக்கம் ஏற்கெனவே இருந்த இடம். "ஏன் நகரவில்லை" என்று அவருக்குக் கடிதம் வந்தது. லாக்கை மூடிய அதே நிர்வாகத்திடமிருந்து! நான்தான் உட்கார்ந்து பதில் எழுதிக்கொடுத்தேன், தேதி வாரியாக, அவர்களே அனுப்பிய மூடல் அறிவிப்பை இணைத்து. சரி, ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பத்து நாள் அந்த அம்மா சரியாகத் தூங்கவில்லை, பையன் என்னிடம் வந்து "எங்கள் படகைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா அங்கிள்?" என்று கேட்டான்.

இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் 2024 ஏப்ரலிலிருந்து கூடுதல் கட்டணம். நிரந்தர இடம் இல்லாதவர் லைசென்ஸுக்கு மேல் முதல் வருடம் 5 சதவீதம் தரவேண்டும், அது வருடா வருடம் ஏறி 2028-இல் 25 சதவீதம் ஆகும். இது போக எல்லாருக்குமான வருடாந்தர உயர்வு தனி. அவர்கள் சொல்லும் நியாயம், நகர்ந்துகொண்டே இருப்பவர் கால்வாயை அதிகம் பயன்படுத்துகிறார் என்று. மேலோட்டமாகக் கேட்டால் சரி மாதிரி இருக்கும். ஆனால் நகரச் சொல்வது சட்டம், நகர்ந்ததற்குக் கூடுதல் காசு கேட்பது நிர்வாகம். அதைவிட மோசம், இது படகுக்காரர்களை இரண்டு கட்சி ஆக்கிவிட்டது. இடம் வாடகைக்கு எடுத்தவர் எங்களைப் பார்த்து "நீங்கள் ஓசி" என்கிறார், நாங்கள் அவரைப் பார்த்து "வருடத்தில் ரெண்டு வாரம் ஓட்டுகிற ஆள்" என்கிறோம். முன்னெல்லாம் லாக்கில் சந்தித்தால் முதலில் வந்தவர் அடுத்தவருக்கும் கதவைத் திறந்து வைப்பார். இப்போதும் திறக்கிறார்கள், பேச்சுதான் குறைந்துவிட்டது.

அறக்கட்டளையின் ஆலோசனைக் கவுன்சிலில் படகுக்காரர் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு வருகிறார்கள், நானும் ஓட்டுப் போடுகிறேன். ஆனால் காசு எங்கே போகவேண்டும் என்று முடிவெடுக்கும் அறங்காவலர்கள் நாங்கள் தேர்ந்தெடுப்பவர்கள் இல்லை. ஒவ்வொரு கால்வாயிலும் எந்தக் கதவு கசிகிறது, எந்த வளைவில் மண் தட்டுகிறது என்று கை ரேகை மாதிரித் தெரிந்த ஆட்கள் கரையோரம் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். வருடத்துக்கு ஒரு தடவை பழுதுப் பட்டியலை எங்களோடு உட்கார்ந்து பார்த்து, இது இந்த வருடம், இது அடுத்த வருடம் என்று எழுதி ஒட்டினால் போதும். முடியாததை முடியாது என்று சொன்னால் நாங்கள் பொறுத்துக்கொள்வோம். பதில் இல்லாமல் இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இதெல்லாம் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் உனக்குப் புரியும், நீ மந்தைவெளிக்காரன். பக்கிங்ஹாம் கால்வாயில் விறகும் உப்பும் படகில் வந்து இறங்கும் என்று உன் தாத்தா சொல்வாரே, நாம் நம்பாமல் அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்போம். படகு ஓடிய வரைக்கும் அதற்கு ஆழம் வேண்டும், கரை வேண்டும், லாக் வேலை செய்யவேண்டும் என்று கேட்க ஆள் இருந்தது. படகு நின்றது, கேட்க ஆள் இல்லை, சாக்கடையைத் திருப்பிவிட்டார்கள், கடைசியில் பறக்கும் ரயிலுக்குத் தூணையே அதற்குள் நட்டார்கள். இங்கே நடப்பவர், ஓடுபவர், மீன் பிடிப்பவர் எல்லாருக்கும் அழகாகத் தெரியும் இந்தத் தண்ணீர் அழகாக இருப்பதே தினம் நாலு படகு சேற்றைக் கலக்கிக்கொண்டு போவதால்தான், ரெண்டு பேர் சண்டை போடுவதால்தான். நிர்வாகத்தில் யாராவது ஒருத்தர் மயிலாப்பூர் ஸ்டேஷனில் இறங்கிக் கீழே எட்டிப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

நாளைக்கு எனக்குப் பதினாலாவது நாள். விடிந்ததும் கிளம்பவேண்டும், மேலே ஏழு லாக், பக்கத்துப் படகு அம்மாவும் கூடவே வருகிறார், பையனுக்கு நாளை லீவு என்பதால் லாக் மதகைத் திறக்கும் கைப்பிடியைச் சுற்றும் வேலை அவனுடையது. இப்போதே அதை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறான்.

அம்மா அனுப்புகிறேன் என்றாரே பருப்புப்பொடியும் வடாமும், அதை அந்தச் சிநேகிதர் வீட்டுக்கே அனுப்பு. கிடைக்க ஒரு மாதம் ஆனாலும் கெடாது. டப்பாவை மட்டும் நன்றாக டேப் போட்டு ஒட்டச் சொல், இங்கே எல்லாமே ஈரம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்