தோளை நம்பி உத்தரம் தூக்காதே

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். இத்தனை நாள் வாய்மூடி இருந்தவன் இன்று மட்டும் உடனே எழுதுகிறான் என்று நீ குத்திக்காட்டலாம், தாராளமாகக் காட்டு. மேல்தளத்துக்குத் தூண்களை நட்டாயிற்று, வரும் ஞாயிற்றுக்கிழமை பயில்வானையும் மற்ற இருவரையும் அழைத்து, ஏணிகளில் ஏறி நின்று உத்தரத்தை ஒரே மூச்சில் மேலே வைத்துவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

கணக்கைப் பார். உத்தரம் 5 மீட்டர் நீளம், 300 மில்லிமீட்டர் உயரம், 100 மில்லிமீட்டர் கனம், ஆக 0.15 கன மீட்டர் மரம். ஈரம் காயாத மரத்துக்குக் கன மீட்டருக்கு 700 கிலோ என்று வைத்தாலும் 105 கிலோ வருகிறது. நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 26 கிலோதானே என்பாய். தரையில் நின்று தூக்கும்வரை அது சரி. ஏணியில் நிற்பவனுக்கு ஒரு கை பிடிமானத்துக்கே போய்விடும். சுமை தோளைத் தாண்டியதும் கையின் வலு குறையும். உயரமானவன் மேல் பாரம் கூடும். பயில்வான் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க, நம் கணக்குப்புலி அன்று கல்லூரி நாடகத்தில் பல்லக்குத் தூக்கியதைப் போல மரத்தைத் தொட்டபடி நிற்பான். சிரிப்பு இருக்கட்டும். ஒருவன் கால் இடறிக் கையை விட்டால் அவனுடைய பங்கு அந்த நொடியே மற்றவர்கள் மேல் இறங்கும். ஏணியில் விலகி நிற்க இடம் ஏது?

50 மில்லிமீட்டர் பலகைகளாக வாங்கியிருந்தால் ஒவ்வொன்றாக ஏற்றி மேலேயே போல்ட் போட்டு இணைத்திருக்கலாம். நீ ஒற்றை மரம்தான் அழகு என்று வாங்கிவிட்டாய். போகட்டும், அதற்கும் வழி இருக்கிறது. ஒரு முனையை மட்டும் தூக்கும்போது பாதி எடைதான் கையில் வரும். மறுபாதியை மறுமுனையின் தாங்கல் ஏற்றுக்கொள்ளும். ஆகவே தூண்களின் முன்முகத்தில் அரை மீட்டருக்கு ஒன்றாகத் தாங்குகட்டைகளை போல்ட் போட்டு முடுக்கி, மரம் வெளிப்பக்கம் உருளாதபடி அவற்றின் நுனியில் ஒரு தடுப்புத் துண்டையும் அடித்துவிடு. இந்த முனையை ஒரு படி ஏற்று. பிறகு அந்த முனையை ஒரு படி. ஏணிக்குப் பதில் இரு பக்கமும் சாரம் கட்டு. அடியில் ஒருவரும் நிற்கக் கூடாது. மூச்சு வாங்கினால் மரம் கட்டையில் உட்கார்ந்திருக்கும், நீங்கள் தேநீர் குடிக்கலாம்.

இதற்கெல்லாம் முன்பு தூண்களுக்கு இரு திசையிலும் சாய்வு முட்டுக் கொடுத்துவிடு, ஏனென்றால் உத்தரம் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினாலே தனித்து நிற்கும் தூண் அசைந்துவிடும். உன் 150 மில்லிமீட்டர் தூணின் தலையில் 100 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் படி வெட்டினால், பின்னால் எஞ்சும் 50 மில்லிமீட்டர் நாக்கு மரம் அந்தப் பக்கம் விழாமல் தடுக்கும். பாரம் அந்தப் படியில் உட்கார வேண்டும். போல்ட் பிடித்து நிறுத்துவதற்கு மட்டுமே. உத்தரத்தின் நுனியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்போடு பார், லேசாக வளைந்திருக்கும். அந்த மேடு மேல்நோக்கி இருக்கட்டும், சுமை ஏறியதும் சமப்படும்.

சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் செயின் பிளாக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் மரத்தை அதன் கொக்கியில் தொங்கவிடும் இரு கால் பட்டையை அகலமாக விரித்து மாட்டாதே. கால்கள் கிடைமட்டத்துக்கு 60 பாகையில் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 61 கிலோ இழுவிசை. 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு காலிலும் முழு 105 கிலோ. பட்டையில் தைத்த சீட்டில் எத்தனை கிலோ என்று போட்டிருக்கிறது எனப் பார்த்து எழுது. உன் பதில் வரும்வரை ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போடு. பயில்வானை விசாரித்ததாகச் சொல். தூக்க ஆள் வேண்டாம் என்பதை மட்டும் நீயே பக்குவமாகச் சொல்லிக்கொள், என் பெயரை இழுக்காதே.

அன்புடன்,
உன் நண்பன்