அலமாரி வெனீருக்கு ஒட்டு

அன்புள்ள முருகேசா,

பேத்தி பிறந்த செய்தியில் வீடே மகிழ்ந்தது. குழந்தைக்கும் மகளுக்கும் எங்கள் அன்பு.

பலகைமேல் மெல்லிய தேக்குத் தகடு (அதுதான் வெனீர்) ஒட்டிய அந்தப் பழைய அலமாரியின் மேல் மைக்கா ஒட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். கதவின் நடுவில் ஒரு கொப்புளம், கீழ் ஓரத்தில் பெயர்ந்த ஒரு துண்டு, அவ்வளவுதானே? இரண்டையும் நீயே சரிசெய்யலாம்.

முதலில் நகத்தால் தட்டிப் பார். 'டொக்' என்று வெற்றுச் சத்தம் வரும் இடமெல்லாம் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. சாக்பீஸால் குறித்துக்கொள். தரை துடைக்கும் தண்ணீர்தான் கீழ் ஓரத்தைக் கெடுத்திருக்கும். கதவைக் கழற்றி ஒரு வாரம் நிழலில் காயவை. ஈரத்தில் ஒட்டினால் மரம் காய்ந்து சுருங்கும்போது வெனீர் வெடிக்கும்.

அடுத்து, அடியில் என்ன பசை என்று தெரிய வேண்டும். பெயர்ந்த இடத்தில் ஒரு சொட்டு வெந்நீர் விட்டுச் சில நிமிடம் கழித்துத் தொட்டுப் பார். பிசுபிசுத்தால் பெரும்பாலும் வஜ்ஜிரம்தான், விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பழைய பசை. அப்படியானால் கொப்புளத்தின் மேல் நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியை விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியைப் பத்துப் பத்து நொடியாக வைத்து எடு. பசை இளகியதும் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் சமமான பலகை, அதன்மேல் எடை. மறுநாள் வரை தொடாதே. அரக்குப் பாலிஷ் அங்கே வெளுக்கலாம். அதைக் கடைசியில் பாலிஷ் போடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு மசியாவிட்டால் கொப்புளத்தைப் புது பிளேடால் மரத்தின் இழை ஓடும் திசையிலேயே கீறு. குறுக்கே கீறினால் தழும்பு மறையாது. வெள்ளை ஃபெவிகாலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து, தடித்த ஊசியுள்ள சிரிஞ்சால் இருபக்கமும் உள்ளே செலுத்து. ஓரத்திலிருந்து கீறலை நோக்கி அழுத்தி, வழிவதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, முன்போலவே 24 மணி நேரம் எடை வை. மைக்காவுக்குப் பூசும் ரப்பர் பசையைக் கடைக்காரர் தந்தாலும் வாங்காதே. தின்னர் கலந்த பாலிஷ் வெனீர் வழியே இறங்கி அதை இளக்கும், மறுபடி கொப்புளம்தான்.

பெயர்ந்த ஓரம்தான் பொறுமை கேட்கும். சதுரமாக ஒட்டுப் போடாதே. இழைக்குக் குறுக்கே போகும் நேர்க்கோடு எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்தாலும் பளிச்சென்று தெரியும். சாய்வான கோடு இழைக்குள் ஒளிந்துகொள்ளும். புது வெனீர் துண்டை இழை பார்த்துச் சேதத்தின் மேல் வைத்து டேப்பால் ஒட்டி, இரண்டு அடுக்கையும் சேர்த்துச் சாய்வாக வெட்டு. ஒரே அழுத்தில் வெட்டாமல், லேசாகப் பல முறை ஓட்டு. பிறகு பழைய துணுக்குகளையும் பசையையும் உளியால் சுரண்டிச் சுத்தம் செய். இப்போது கடையில் கிடைக்கும் வெனீர் அரை மில்லிமீட்டர் அளவுதான், பழையது தடிமன். புதுத் துண்டு பள்ளமாக உட்கார்ந்தால் இரண்டு அடுக்காக ஒட்டி, மயிரிழை உயரமாக நிறுத்து.

காய்ந்ததும் 220 உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, இழையோடு, அந்த ஒட்டை மட்டும் தேய். மெஷின் வைத்தால் அடிப்பலகை தெரிந்துவிடும். அப்படித் தெரிந்துவிட்டால் சரிசெய்ய வழியில்லை.

பாலிஷுக்கு முன் துண்டில் கொஞ்சம் ஸ்பிரிட் தடவிப் பார், ஈரமாக இருக்கும்போது தெரிவதுதான் பாலிஷ் போட்டபின் வரும் நிறம். வெளுத்தால் சாயம் ஏற்று. கதவின் இழை தெரியும்படி பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு, பொருந்தும் துண்டு இங்கே தேடிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
கணேசன்