கடைமடையிலிருந்து ஒரு கடிதம்

தேவிபட்டினம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். தங்களுக்கு மூட்டுவலி குறைந்திருப்பது அறிந்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம்.

இந்திய நில அளவைத் துறை சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்த நிலவரைபடத்தின் நகல் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. வையை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் விழுவதும், மிஞ்சிய நீர் ஆற்றங்கரை ஊரருகே கடலைச் சேர்வதும் அதில் உள்ளன. சிவபெருமானுக்கு நஞ்சளித்த கடலோடு சேரமாட்டேன் என்று வையை ஒதுங்கிக்கொண்டதாகச் சொல்லும் பழம்பாடல் தங்களுக்கும் நினைவிருக்கும்.

வையை பிறக்கும் தங்கள் வருசநாட்டு மலைகளில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். எங்கள் பக்கத்திலோ, 50 அடி உயரத்துக்கு ஒரு கோடு என்னும் கணக்கில், ராமநாதபுரத்துக்கும் கடலுக்கும் இடையே ஒரு கோடுகூட விழ இடமில்லை. அப்படியானால் நிலத்தின் சரிவை எதைக்கொண்டு அறிவது? கண்மாய்க் கரைகளைக் கொண்டுதான். மேட்டுப்பக்கத்தை நீர் வரத் திறந்துவிட்டு, தாழ்ந்த பக்கத்தில்தான் கரை போடுவார்கள்; ஆகவே வளைந்த கரை எந்தத் திசைக்கு முதுகு காட்டுகிறதோ, நிலம் அத்திசையில் இறங்குகிறது. ஒரு கண்மாயின் கலுங்கில், அதாவது மிகைநீர் வெளியேறும் வழியில், வழியும் நீர் அடுத்த கண்மாய்க்கு வரத்தாகும் சங்கிலியை விரலால் தொட்டுக்கொண்டே கடல்வரை போகலாம். அளவையாளரின் கோட்டுக்குள் அகப்படாத சில அடிச் சரிவைக் இக்காலக் கருவிகள் ஏதுமின்றி உணர்ந்து கரை கட்டிய நம் முன்னோரின் நுட்பம், இந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

இன்று சீமைக்கருவேலம் மூடியும், மனை போட்டு மேடாக்கியும் கிடக்கும் வரத்துக்கால்கள் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்கள்) பல இதில் தெளிவாக ஓடுகின்றன. ஓர் அங்குலத்தில் ஒரு மைல் அடங்கும் படத்தில் காலின் அகலமோ எல்லையோ தெரியாது. அதற்குக் கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியே அளந்து வரைந்த புலப்படத்தையும்தான் பார்க்கவேண்டும். ஆயினும் எந்தக் கால் எந்தக் கண்மாய்க்குரியது என்பதற்கு இது நல்ல சான்று. தூர்வாரும்போது கண்மாயின் வயிற்றை மட்டும் தோண்டிவிட்டு வரத்துக்காலை மறந்துவிடுகிறார்கள் என்பதே என் தீராத மனக்குறை. எங்கள் ஊர்ப் பாசன விவசாயிகளிடம் இத்தாளைக் காட்டப்போகிறேன்.

தங்கள் பகுதித் தாளும் எங்கேனும் கிடைக்குமா என்று விசாரியுங்கள். பொங்கலுக்குப் பின் இங்கு வரும்போது அதையும் எடுத்துவந்தால், இரண்டையும் வைத்து வையையின் தலையையும் கடைமடையையும் சேர்த்துப் பார்க்கலாம். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்